ஆட்டுக்கு முழுப் பேர்

“வர்ற சனிக்கிழமை எங்க தாத்தா நூத்திப் பன்னிரண்டு படி ஏறி, நடந்தே உங்க கடைக்கு வருவாரு.”

சுபாஜினி இப்படிச் சொன்னதும், பூனாகலைச் சந்திக் கடை மஹ்ரூப் நானா சிரித்த சிரிப்பில் தராசில் இருந்த சீனி பாதி பறந்துவிட்டது.

“யாரு, கணபதி கங்காணியா? அவர் நாற்காலிக்கு இந்நேரம் வேர் விட்டிருக்கும் புள்ள. இந்தா, டிவி ரிமோட்டுக்குக் கேட்ட பேட்டரி.”

சுபாஜினிக்குக் காது சிவந்தது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காதுதான் சிவக்கும். கோபம் மஹ்ரூப் நானா மேல் மட்டுமல்ல, வீட்டில் எல்லோர் மேலும்தான்.

தாத்தா கங்காணியாக இருந்தபோது ஒரு குரல் கொடுத்தால் தேயிலைச் செடிகூட நிமிர்ந்து நிற்குமாம். தினமும் ஏழு மலை ஏறி எட்டு மலை இறங்குவாராம். வேலையை விட்ட மறுநாள், அப்பா ஒரு சிவப்பு நாற்காலியை டிவிக்கு முன்னால் போட்டார். அவ்வளவுதான். தாத்தா தண்ணீருக்கு எழுந்தால், “உட்காருங்க மாமா” என்று அம்மா ஓடி வருவாள். செருப்பைத் தேடினால், “உட்காருங்கப்பா” என்று அப்பா ஓடி வருவார். நாலு வருடமாக இதே கதை.

போன வாரம் வந்த கிளினிக் மிஸ் தாத்தாவின் முழங்காலை அழுத்திப் பார்த்தார். “இப்படியே இருந்தா அடுத்த வருஷம் எழும்பவே ஏலாமப் போயிரும்” என்றார். அதற்கு அம்மா என்ன செய்தாள் தெரியுமா? நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துப் போட்டாள்!

“கொஞ்சம் நடங்க தாத்தா” என்று சுபாஜினி கெஞ்சிப் பார்த்தாள்.

“முப்பத்தி நாலு வருஷம் நடந்தாச்சு. என் பங்கு முடிஞ்சிருச்சு.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு, சுபாஜினி ஒரு பழைய கொப்பியோடு லயத்து வீட்டு வாசலில் நின்றாள். தோட்டத்தில் வேலைக்கு முன் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதைத் தொடங்கினாள். ஒழுங்காக வேலைக்கு நின்றால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறை வைத்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்.

“சேவல்!”

சேவல் கூவியது.

“முழுப் பேர். பெரியாயி அம்மா வீட்டு ஆடு!”

“மே.”

“முழுப் பேர். கணபதி!”

“இங்கதான் இருக்கேன்” என்றது நாற்காலி.

“உட்கார்ந்துகிட்டே சொன்னா அரைப் பேர்.”

உள்ளே டிவி சட்டென்று நின்றது. வேலையில் குறை வைத்தவர்களுக்கு அரைப் பேர் போட்டவர் தாத்தா. அவருக்கு அதை யாரும் போட்டதில்லை.

“ஆட்டுக்கு முழுப் பேரு, எனக்கு அரைப் பேரா?”

“ஆடு நின்னுச்சு தாத்தா.”

பக்கத்து வீட்டுப் பெரியாயி அந்தக் காலத்தில் அவரிடம் கொழுந்து பறித்தவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மழையில அஞ்சு நிமிஷம் குந்துனதுக்கு எனக்கு அரைப் பேரு போட்டீங்களே கங்காணி ஐயா. இப்ப எப்படி இருக்கு?”

தாத்தா எழுந்தார். முழங்கால் போட்ட சத்தம் பதுளை டவுன் வரை கேட்டிருக்கும்.

“உட்காருங்க மாமா!” அம்மா ஓடி வந்தாள்.

“நீ சும்மா இரு. ஆடு முழுப் பேரு வாங்குது.”

மறுநாள் பெரட்டு குழாயடியில். அதற்கடுத்த நாள் கோயிலடியில். வெள்ளிக்கிழமை பாதிப் படியில். தாத்தா திட்டிக்கொண்டே நடந்தார். மூச்சு வாங்கினால் நின்று திட்டினார். சுபாஜினி, அவர் தடுமாறினால் பிடித்துக்கொள்ளும்படி பக்கத்திலேயே போனாள். ஆடும் போனது.

சனிக்கிழமை மஹ்ரூப் நானா கடையைத் திறந்தபோது, படியில் முதலில் ஏறி வந்தது வசவு. பிறகு கைத்தடி. பிறகு தாத்தா.

நானா பதறிப்போய் முக்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க கங்காணி.”

சுபாஜினி கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

தாத்தா முக்காலியை முறைத்தார். “பெரட்டுல எவனாவது உட்காருவானா? டீயப் போடுங்க.”

நின்றுகொண்டே குடித்து முடித்தார்.

சுபாஜினி கொப்பியையும் பேனாவையும் நீட்டினாள். “நானா, இன்னைக்கு நீங்களே பேர் போடுங்க.”

மஹ்ரூப் நானா ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆட்டோ எதுவும் இல்லை. படியை எட்டிப் பார்த்தார். பாதிப் படியில் ஆடு மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“நடந்தேதான் வந்தாரு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “கங்காணிக்கு முழுப் பேரு. ஆட்டுக்கு அரைதான்.”