கிப்லா எந்தப் பக்கம்?

டெலிபோன் அலறியது!

எடுத்துக் கேட்ட ஸைனம்பு அதைவிடச் சத்தமாக அலறினாள்!

"யா அல்லாஹ்! என்ட மகனக் கடத்திட்டாங்களாம்!"

மகள் நிஹ்லா ஃபோனைப் பிடுங்கினாள். மாத்தளை டவுனில் இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பவள். லேசில் பதறாதவள். வீடு தீப்பிடித்தாலும் முதலில் ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

"யாரு பேசுறது?"

மௌனம்... நீண்ட மௌனம்... பிறகு ஏற்ற இறக்கமே இல்லாத ஓர் ஆண் குரல்.

"ஹுஸ்னி எங்களிடம் இருக்கிறான். உன் மிளகு விலைப் பக்கத்தை அழித்து விடு. பொழுது சாயும் மஃரிப் வரை நேரம். இல்லாவிட்டால் ஜனாஸா அடக்கத்துக்கு ஆயத்தம் செய்."

டொக்!

அது என்ன பக்கம் என்று கேட்கிறீர்களா? மாத்தளைக் கடைகளில் மிளகு இன்று என்ன விலை என்று நாவுல ஊர் விவசாயி தன் ஃபோனிலேயே பார்த்து விடலாம். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' வந்த நாளிலிருந்து மிளகுத் தரகர்கள் யாருக்கும் தூக்கமில்லை!

"அழிச்சிரு புள்ள! மிளகா பெரிசு? கூடப் பொறந்த நானாவா பெரிசு?" ஸைனம்பு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நானாதான் உம்மா. மஃரிபுக்குள்ள வழி கிடைக்கல்லன்னா நானே அழிச்சிருவேன்."

இன்ஸ்பெக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பிளேன் டீயை ஆறவிட்டே குடிப்பவர்.

"நம்பரை வச்சுப் பிடிக்கேலாதா சேர்?"

"கம்பனிக்கு எழுதலாம் பிள்ளை. பதில் வரேக்க உங்கட பெருநாளும் வந்திடும்."

மீண்டும் டெலிபோன்!

"அழித்து விட்டாயா?"

"கொஞ்சம் பொறுங்க. நானா உசிரோட இருக்காரா?"

மௌனம்... அந்த மௌனத்துக்குள் தூரத்தில் ஒரு பள்ளிவாசலின் பாங்கு ஒலி!

"இருக்கிறான். வைக்கிறேன். அஸர் தொழ வேண்டும்."

"தொழுவீங்களா?"

"ஒரு வக்துத் தொழுகையும் விட்டதில்லை."

"ஆளக் கடத்துவீங்க... தொழுகைய விடமாட்டீங்க?"

"அது வேறு. இது வேறு."

நிஹ்லாவின் கண்கள் சுருங்கின. வெளியே மழை. வானம் தார்ச்சட்டி மாதிரி இருந்தது.

"புது எடமா? கிப்லா எந்தப் பக்கம்னு தெரியுமா?"

மிக நீண்ட மௌனம்...

"சூரியன் தெரியவில்லை."

"லிங்க் ஒண்ணு அனுப்புறேன். தொறந்தா அம்பு காட்டும்."

"அனுப்பு. ஜஸாகல்லாஹ்."

டொக்!

நிஹ்லா கம்ப்யூட்டருக்குப் பாய்ந்தாள். தொழுகைக்கு மக்கா இருக்கும் திசையை, அதாவது கிப்லாவைக் காட்டும் அந்த இணையப் பக்கம் அவள் செய்ததுதான். யார் எங்கே இருந்து திறந்தார்கள் என்று அது எவருக்கும் சொல்லாது. இன்று மட்டும் தனக்குச் சொல்லும்படி அதில் ஒரு வரி சேர்த்தாள்!

"ஏதும் ஆப் போடவேணுமே பிள்ளை?"

"வேணாம் சேர். இருக்கிற எடம், திசை எல்லாம் ப்ரவுஸருக்குள்ளயே இருக்கு. நாம கேட்டாப் போதும். அது அந்தாள்ட்ட அனுமதி வாங்கிட்டுத் தரும்."

"கடத்தினவனிட்ட அனுமதியோ?"

"ஓம் சேர். மரியாதையான சாமான்."

லிங்க் போனது.

அனுமதித்தால் அம்பு. மறுத்தால் அம்பும் இல்லை, ஹுஸ்னியும் இல்லை!

ஸைனம்புவின் விரல்களில் தஸ்பீஹ் மணிகள் ஓடின...

டிங்!

"அனுமதிச்சிட்டான்! யட்டவத்தயில இருக்கான்!"

ஜீப் பறந்தது! நிஹ்லாவும் ஏறிக்கொண்டாள்.

வரைபடத்தில் புள்ளி நின்ற இடத்தில் ஒரு பாழடைந்த சாதிக்காய் ஸ்டோர். கான்ஸ்டபிள் ஒரே உதையில் கதவைத் திறந்தார்!

உள்ளே ஒருவன்தான். சாக்கை விரித்து, தொழுகையின் கடைசி இருப்பான அத்தஹிய்யாத்தில் இருந்தான்.

"பொறுங்கோ. முடிக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

துப்பாக்கிகள் காத்திருந்தன.

அவன் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தான். இடப்பக்கம் ஸலாம் கொடுத்தான். இடப்பக்கத்தில் போலீஸ் நின்றது.

ஹுஸ்னி!

கயிறு இல்லை. காயம் இல்லை. வேறு ஈ காக்கை இல்லை. தொழுகையைப் பிந்த வைத்த பாதி கடித்த ரோல்ஸ் ஒன்றும், திறந்திருந்த லேப்டாப் ஒன்றும் இருந்தன.

"கடத்தினவங்க எங்க நானா?"

"இப்பதான்... வெளிய போனாங்க..."

நிஹ்லா லேப்டாப்பில் எழுதியிருந்த ஒரு வரியைத் தொட்டு ஒரு பட்டனை அழுத்தினாள்.

"அது வேறு. இது வேறு," என்றது அதே குரல்!

"இதுவும் ப்ரவுஸருக்குள்ள உள்ளதுதான் சேர். எழுதிக் குடுத்தா வாசிக்கும். இவர் டைப் அடிக்கிற வரைக்கும்தான் அந்த மௌனம்."

"ஏன் தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹுஸ்னியின் தலை தொங்கியது.

"தரகர் பலீல் ஹாஜியார்ட மகள் நுஸ்லாவ விரும்புறேன் சேர். தங்கச்சிட பக்கத்த மூட வச்சாத்தான் கட்டித் தருவேன்னாரு..."

"அதுக்காக ஜனாஸான்னா சொல்லுவாங்க?" என்றாள் நிஹ்லா.

"நான் சொல்லல்ல. ப்ரவுஸர் சொன்னிச்சு."

நிஹ்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பக்கம் இருக்கும் நானா. நாளைக்கு ஹாஜியார்ட கடை விலையையும் சேர்த்துப் போடுறேன்."

கான்ஸ்டபிள் இரண்டு விலங்குகளோடு வந்து நின்றார்.

"சேர், கடத்தினது யாரு? கடத்தப்பட்டது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஒன்றை வாங்கி ஹுஸ்னிக்கு மாட்டினார். மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டும் இவர்தான். அரசாங்கத்துக்கு ஒரு விலங்கு மிச்சம்!"