ஜோசுவாவின் சாட்சி

வேலூரில் ஒரு மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்குள் ஜோசுவா தலையைக் குனிந்தபடியே நுழைந்தார். ஊர்க்காரர்கள் யாராவது கண்ணில் பட்டுவிட்டால்? மாதனூரில் எல்லோரிடமும் காவேரிப்பாக்கத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நோயாளிக்கு எதற்கு இந்தத் திருட்டு முழி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிற நோய் அவருக்கு. முதல் தடவை, தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்துக்குள் தப்புத் துடிப்பு கிளம்பும் இடங்களில் சூடு வைத்தார்கள். துடிப்பு சீரானது. சீக்கிரமே சர்ச் ஆராதனையில், கர்த்தர் குணமாக்கினார் என்று சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தார். சாட்சி சொல்ல நின்றால் உப்பு காரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் இவருக்கு எல்லை தெரியவில்லை. "டாக்டருக்கும் நன்றி சொல்லுங்க" என்று பாஸ்டர் மெல்லச் சொன்னதைக் காதில் வாங்காமல், "மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்!" என்று முழங்கினார்.

ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் மாத்திரை அப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு வேளைகூட அவர் அதை விட்டதில்லை.

ஆராதனை முடிந்ததும் மரியம்மாள் பின்னாலேயே வந்தாள். அவர் சூப்பர்வைசராக இருக்கும் ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை செய்தவள். அவளுக்கும் இதே நோய்.

"அண்ணா, நானும் மாத்திரைய வுட்டுடட்டுமா?"

சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் மானம் போகும்.

"விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கும்மா?" என்றுவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் மூளையில் ரத்தம் கட்டி மரியம்மாள் செத்துப்போனாள். அவளை அடக்கம் பண்ணிய வாரமே ஜோசுவாவின் துடிப்பு மறுபடியும் தடம் மாறியது. அதை வெளியில் சொல்ல வெட்கம். அதனால்தான் கல்யாணக் கதை.

சிகிச்சை அறை சில்லென்று இருந்தது. விளக்கைக் குறைத்துவிட்டார்கள். முழு மயக்கம் இல்லை, அரைத்தூக்கம்தான். "பழைய சூட்டுல ஒரு இடைவெளி இருக்கு, அங்கேர்ந்துதான் வருது" என்று டாக்டரம்மா யாரிடமோ சொன்னது கேட்டது. நெஞ்சுக்குள் சுருக்கென்று கனன்றது.

அப்போது அந்த வாசனை வந்தது.

மருந்து வாசனை இல்லை. ஷூவுக்கு அட்டை ஒட்டுகிற சொல்யூஷன் பசை வாசனை.

"அண்ணா."

காதோரம் ஈரமாக மூச்சு பட்டது.

"அண்ணா, நானும் மாத்திரைய வுட்டுடட்டுமா?"

"வுடாதம்மா! நான் வுடல! பொய் சொன்னேன்!" என்று அலறினார்.

"ஆடாதீங்க ஜோசுவா" என்று டாக்டரம்மா அதட்டினார். நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் துடிப்பு சீராகிவிட்டது என்றார்கள். வாசனையும் விலகியது. இத்தோடு விட்டது சனியன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வார்டில் மனைவி ஹெலன் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "பொய் சொன்னேன்னு உள்ள கத்துனீங்களாம். நர்ஸ் சொன்னாங்க. இன்னா பொய்?"

சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஹெலன் அவரை நம்பிக்கையோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைக் கோழையாக்கியது.

"வலியில ஏதோ ஒளறியிருப்பேன்" என்றார். அவமானம் பிடுங்கித் தின்றது. கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

வீட்டுக்குப் போகும் நாளன்று ஹெலன் மருந்து வாங்கப் போனாள். ஜோசுவா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில், நிறைய ஜனம். எதிர்ப் பெஞ்சிலிருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க ஜோசுவா அண்ணாதான? நான் கமலம், கணியம்பாடி. எனக்கும் இதே துடிப்புதான். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஜம்முன்னு இருக்கீங்களாமே! முந்தாநாள் அந்த அக்கா சொன்னாங்க. அன்னிலேர்ந்து நானும் நிறுத்திட்டேன்."

"எந்த அக்கா?"

"இதோ, உங்க பக்கத்துல ஒக்காந்துனு இருக்காங்களே."

பக்கத்தில் யாரும் இல்லை. அந்தச் சொல்யூஷன் வாசனை மட்டும் வந்தது.

ஜோசுவா எழுந்தே விட்டார். "நிறுத்தாதம்மா! நான் ஒரு நாளும் நிறுத்தல! ஊரையே ஏமாத்தினேன். என்னை நம்பி ஒருத்தி செத்துட்டாம்மா!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மருந்துப் பையோடு வந்த ஹெலன் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

கமலம் குழம்பினாள். காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "இன்னாக்கா, இவரு இப்படி சொல்றாரு?" என்று கேட்டாள். எதையோ கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"வலியில ஒளறுறாராம், கண்டுக்காதேன்றாங்க. ஒடம்பப் பாத்துக்கோங்கண்ணா."

அவள் எழுந்தாள். ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டாள். பிறகு அந்த யாரோடோ பேசிச் சிரித்தபடியே வாசலைப் பார்த்து நடந்து போனாள்.