மணிப்பள்ளத்தில் ஒரு பாதிப் பாட்டு

"கீழ எறங்கினதும் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. விசில் கேட்டா பதில் விசில் அடிக்கக் கூடாது. சம்மதம்னா வாங்க, இல்லைன்னா இப்பவே திரும்பிருங்க!"

கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டியபடி மாரியக்கா சொன்னாள். கொழுந்து பறிக்கிற நேரம் போக, விறகுக்காக இந்தச் சரிவில் வருஷக்கணக்காக ஏறி இறங்கியவள். அவளுக்குப் பின்னால் ஸ்டெல்லா. அவளுக்கும் பின்னால், கடப்பாரையைச் சுமந்துகொண்டு ஜீப் டிரைவர் பென்னி. மூவருக்கும் முன்னால் மணிப்பள்ளம் வாயைத் திறந்து கிடந்தது. நண்பகல்தான். ஆனால் மூடுபனியில் அடி தெரியவில்லை.

உள்ளே எங்கோ ஸ்டெல்லாவின் தம்பி சேவியர் இருந்தான். நேற்றுக் காலையில் போனவன். மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது, நாளைக்குத்தான் வரமுடியும் என்று வனத்துறை ஆட்கள் சொல்லிவிட்டார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் பள்ளத்தின் அடியில் ஓடும் ஓடை ஆள் உயரத்துக்கு ஏறிவிடும்.

சேவியர் தேடிப் போனது ஒரு மணியை. வெள்ளைக்காரன் காலத்தில் கருங்காட்டு எஸ்டேட் மாதா கோயிலுக்கென்று ஒரு வெண்கல மணியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வளைவில் வண்டி கவிழ்ந்து, மணி பள்ளத்துக்குள் போய்விட்டது. மணிதான் போயிற்று, சத்தம் போகவில்லை. மூடுபனி நாட்களில் பள்ளத்திலிருந்து ஒற்றை மணியோசை எழும். தொழிலாளர் லைன் வீடுகளில் கதவைச் சாத்திச் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

"சத்தம் வருதுன்னா மணி இருக்குன்னுதானே அர்த்தம்? கொண்டுவந்து காட்டுறேன் பாரு" என்றான் சேவியர். "உனக்குப் புத்தி பிசகிப்போச்சு" என்றாள் ஸ்டெல்லா. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். பள்ளத்தில் விழுந்தவர்களின் எலும்புகளைப் பார்த்தவள். பேச்சு முற்றி, முந்தாநாள் இரவு அக்காவும் தம்பியும் முகம் பார்க்காமல் படுத்தார்கள்.

காலையில் சமாதானம் பேச அவளிடம் ஒரு வழி இருந்தது. சின்ன வயதில், எஸ்டேட் பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு மெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். இருவரும் அதை விசிலாக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் முதல் பாதியை அடித்தால் மற்றவர் கடைசி இரண்டு சுரத்தை அடித்து முடித்தே ஆகவேண்டும். வாயில் பல்பொடி இருந்தாலும் சரி, சண்டை போட்டுப் பேசாமல் இருந்தாலும் சரி! தவறினால் ஞாயிற்றுக்கிழமை மீன் துண்டு போச்சு. அன்று ஸ்டெல்லா அடுப்படியில் நின்றபடி முதல் பாதியை அடித்தாள். சேவியர் செருப்பை மாட்டினான். கதவைச் சாத்திக்கொண்டு போனான். முடிக்கவில்லை.

அந்த முடியாத பாட்டோடுதான் அவள் இப்போது இறங்கிக்கொண்டிருந்தாள்.

வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். கணுக்காலெல்லாம் அட்டை. பென்னி குனிந்து உப்பு தேய்க்கும்போதெல்லாம் முனகினான். "செத்தாலும் பரவாயில்லக்கா, ரத்தம் மிச்சம் இருக்கணும்."

"வாய மூடுல" என்றாள் மாரியக்கா.

மேலே கேட்டுக்கொண்டிருந்த பூச்சிகளின் இரைச்சல் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. கதவைச் சாத்தியதுபோல. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும்.

டாங்!

மணி. ஒரே ஒரு முறை. மிக அருகில்.

பென்னியின் கையிலிருந்த கடப்பாரை நழுவிப் பாறையில் விழுந்தது. அடுத்த கணம் இடதுபக்கப் புதருக்குள்ளிருந்து ஒரு விசில் வந்தது. தாழ்ந்து ஒன்று, உயர்ந்து ஒன்று, பிறகு நீண்டு இறங்கும் ஒன்று.

ஸ்டெல்லா சட்டென்று திரும்பினாள். மூடுபனியில் வேலை செய்கிற எஸ்டேட்டில் வீட்டுக்கு ஒரு விசில் உண்டு. இது அவள் வீட்டு விசில்!

"சேவியரு!" பென்னி பாய்ந்தான். விசில் மறுபடி கேட்டது, கொஞ்சம் தள்ளி. "இந்தா வந்துட்டோம்ல!" அவன் புதரை விலக்கிக்கொண்டு ஓடினான். மறுபடி விசில், இன்னும் தள்ளி. ஸ்டெல்லா பின்னாலேயே ஓடினாள். காற்று அடித்து மூடுபனி ஒரு முழம் விலகியது. பென்னியின் கால்களுக்கு முன்னால் தரை இல்லை!

அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். அவன் மிதித்த கல் உருண்டது. வெகுநேரம் கழித்தே கீழே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

அப்போது மீண்டும் அந்த விசில். செங்குத்துச் சரிவுக்கு அப்பால், யாரும் நிற்கமுடியாத வெட்டவெளியிலிருந்து.

"சொன்னேனா இல்லையா?" மாரியக்கா கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வந்து மூச்சிரைக்க நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "பள்ளம் இப்படித்தான் கூப்பிடும். வாங்க, போயிரலாம்."

ஸ்டெல்லா அசையவில்லை. சரிவின் விளிம்பில் காற்றில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கரும்பறவை. வாலிலிருந்து இரண்டு நூல்கள் தொங்கின. நூல்களின் நுனியில் துடுப்புபோல இரண்டு இறகுகள். துடுப்புவால் கரிச்சான். அது அலகைத் திறந்தது. அவள் தம்பியின் விசில் வெளியே வந்தது. மறுபடி திறந்தது. டாங்! மூன்றாம் முறை திறந்தபோது நெஞ்சுச்சளி கரகரக்க, வயசான மனுஷி இருமுவதுபோல் இருமியது.

மாரியக்கா பின்னால் நகர்ந்தாள். "ஏட்டி... அது என் இருமல்!"

பென்னிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

ஸ்டெல்லா மட்டும் கண்ணை மூடிக் கேட்டாள். வீட்டு விசிலின் கடைசிச் சுரம் வழுக்கிக்கொண்டு இறங்கும். பறவையின் விசிலில் அது பாதியில் விரிசல் விட்டது. தொண்டை வறண்டவன் அடிக்கிற விசில். பறவை அதைச் சும்மா கற்றிருக்காது. திரும்பத் திரும்பக் கேட்டிருக்கவேண்டும்.

"அக்கா, அவன் உயிரோட கெடந்து விசிலடிச்சிருக்கான். ரொம்ப நேரம். இதுக்குக் கேக்குற தூரத்துலதான்."

மாரியக்கா தடுப்பதற்குள் அவள் வாயில் விரலை வைத்து வீட்டு விசிலை அடித்தாள். இடதிலிருந்து பதில் வந்தது. வலதிலிருந்தும். மேலே ஒன்று, பின்னால் ஒன்று. காடு முழுக்கச் சேவியர்கள்! எல்லாக் குரலிலும் அதே விரிசல். அதில் எது தம்பி? ஒன்றாவது தம்பியா?

முதல் மழைத்துளி அவள் கையில் விழுந்தது. கீழே ஓடையின் ஓசை தடித்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்குக் கேட்பதெல்லாம் அவனுக்கும் கேட்கும். நேற்று முதல் அவன் விசிலை அவனுக்கே காடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இனி தான் எத்தனை முறை அடித்தாலும் அவன் நம்பமாட்டான். பதிலும் தரமாட்டான். இந்தக் காட்டுக்குத் தெரியாத ஒன்று வேண்டும்.

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். பஸ் ஹாரன் மெட்டின் முதல் பாதியை அடித்தாள்.

காடு வாயடைத்துப்போனது. கிளையில் இருந்த கரிச்சான் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. எங்கிருந்தும் ஒரு சத்தமில்லை.

காத்திருந்தாள். மழை மட்டும் பெய்தது.

"போதும்டி தாயி" என்றாள் மாரியக்கா.

ஸ்டெல்லா இன்னொரு முறை அடித்தாள். சுரம் பிசகவில்லை.

கீழேயிருந்து, தண்ணீர் இரைச்சலுக்கு அடியிலிருந்து, காய்ந்த இலை உரசுவதுபோல இரண்டு சுரம் வந்தது.

"சேவியர்!" எல்லா விதியையும் மறந்து கத்தினாள். மாரியக்கா அவள் தோளை இறுக்கினாள். "ஏட்டி, அதுவும் பறவையா இருந்தா?"

"இந்தப் பாட்ட அது இன்னைக்குத்தான் கேக்குது. கேக்காத பாதி அதுக்கு எப்படித் தெரியும்?"

மாரியக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்து மரத்தில் கட்டினாள். "என்னை மொதல்ல எறக்குங்க. எனக்குத்தான் பாறை பழக்கம்!"

ஸ்டெல்லா மேலிருந்து பாதி அடிக்க, கீழிருந்து பாதி வந்தது. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டே பாறைப் பிளவில் இறங்கினார்கள். அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே சேவியர் மல்லாந்து கிடந்தான். வலது கால், சேற்றில் கவிழ்ந்து கிடந்த பச்சைப்பாசி பிடித்த ஏதோ ஒன்றுக்கும் பாறைக்கும் இடையில் சிக்கியிருந்தது. தண்ணீர் அவன் நெஞ்சைத் தொட்டுவிட்டது.

"கடப்பாரை! பென்னி, அடியில குடு! ம்... நெம்பு!"

"நெம்புறேன்க்கா, நெம்புறேன்!"

இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை மாரியக்காவும் தன் முழு பாரத்தையும் கடப்பாரை மேல் போட்டாள். பச்சைப் பொருள் ஒரு விரல்கடை எழும்பியது. ஸ்டெல்லா தம்பியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கால் வந்துவிட்டது! எலும்பு முறிந்திருந்தது, ஆனால் பாதத்தில் சூடு இருந்தது. அவள் தன் துப்பட்டாவைக் கிழித்து, இரண்டு குச்சி வைத்துக் கட்டினாள்.

"எப்படில விழுந்த?" என்றான் பென்னி.

"வழி தவறிட்டேன்னு விசிலடிச்சேன். பதில் வந்துச்சு. அக்காதான் தேடி வந்துட்டான்னு ஓடினேன்." சேவியர் அக்காவைப் பார்த்தான். "அப்புறம் நீ விசிலடிச்சுக்கிட்டேதான் இருந்த. ராத்திரி பூரா. நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

"பஸ் பாட்டு?"

"மொத தடவை கேட்டப்ப செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை மீன் துண்டு ஞாபகம் வந்துச்சு."

ஸ்டெல்லா அவன் கன்னத்தில் அடித்தாள். பிறகு அதே கன்னத்தைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

பென்னி அந்தப் பச்சைப் பொருளின் பாசியைச் சுரண்டினான். வெண்கலம் மினுங்கியது. "மணிதாம்ல!" வாய்ப்பக்கம் கைவிட்டுத் துழாவினான். முகம் மாறியது. "உள்ள பூரா மண்ணு. நாக்கு இல்ல. இது விழுந்த நாள்லருந்து அடிச்சிருக்கவே முடியாது."

நால்வரும் மேலே பார்த்தார்கள். மூடுபனிக்குள்ளிருந்து, அமைதியாக, டாங் என்று வந்தது. மணி உருண்டு விழுந்த நாளில் கேட்ட பறவை தன் குஞ்சுக்குச் சொல்லி, அது தன் குஞ்சுக்குச் சொல்லி... அதற்கு மேல் ஸ்டெல்லா நினைக்க விரும்பவில்லை.

சேவியரைக் கயிற்றுத் தொட்டிலில் ஏற்றி அவர்கள் மேலே வந்தபோது, எஸ்டேட்டே வளைவில் குடையோடு நின்றது. யாரோ அழுதார்கள், யாரோ டீ கொடுத்தார்கள். அன்றுமுதல் மணிப்பள்ளத்தில் விசில் கேட்டால் யாரும் ஓடுவதுமில்லை, கதவைச் சாத்துவதுமில்லை. வேறொன்றை அடித்து, பதில் வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

கோடையில் எஸ்டேட் ஆண்களும் பெண்களும் சேர்ந்து வடம் கட்டி மணியை இழுத்து மேலே ஏற்றினார்கள். கடைசி இழுப்பில், வேர்வையைத் துடைத்தபடி எல்லாரும் மூச்சு வாங்கியபோது, பள்ளத்துக்குள்ளிருந்து பஸ் ஹாரன் மெட்டு கேட்டது. முதல் பாதி. ஒரு சின்ன இடைவெளி. பிறகு கடைசி இரண்டு சுரம், காய்ந்த இலை உரசுவதுபோல.

வடத்தைப் பிடித்திருந்த கைகள் நின்றன. ஊன்றுகோலில் ஒரு கையூன்றி நின்ற சேவியர் அக்காவைப் பார்த்தான்.

"அதையும் எடுத்துக்கிச்சுக்கா."

ஸ்டெல்லா அவனைக் கைத்தாங்கலாக நடத்தினாள். ஜீப்பில் ஏறினார்கள். பென்னி வளைவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான். காடு முடிந்து தேயிலைச் சரிவு தொடங்கியது. பின்னால் பள்ளம் கண்ணிலிருந்து மறைந்த பிறகு, அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இதுவரை யாரும் அடித்திராத ஒரு மெட்டின் முதல் பாதியை மெதுவாக அடித்தாள்.

சேவியர் கொஞ்சம் யோசித்தான். முடித்தான்.