சுவருக்கு அந்தப் பக்கம்

காலையில் கதவைத் திறந்ததும், நேற்று இருந்த தெரு இன்றும் அதே பக்கம் போகிறதா என்று பார்ப்பது அந்த நகரத்தில் எல்லாருக்கும் பழக்கம். வாசுகியும் பார்த்தாள். தெற்கே போன வழியில் ஈரம் காயாத சுவர் ஒன்று நின்றது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தெருக்களைப் போடுவதும் அடைப்பதும் நகர்மூளையின் வேலை. ஊர் எந்தப் பக்கம் பரவினாலும் அதன் எந்திரங்கள் முன்னால் ஊர்ந்துபோய்ச் சாலையை விரிக்கும். 'வெளியாள் நடமாட்டம் வேண்டாம்' என்று யார் கேட்டாலும் அவர்கள் தெருவை முட்டுச்சந்தாக்கிவிடும். எல்லாரும் கேட்டார்கள். அது யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

அன்று மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் தணிகாசலம் நெஞ்சைப் பிடித்தபடி தட்டின் மேலேயே சாய்ந்தான்.

"ஆம்புலன்ஸ் இரண்டு மணி நேரத்தில் வரும்" என்றது கூரையிலிருந்து நகர்மூளையின் இதமான குரல்.

"ஆஸ்பத்திரி அந்தச் சுவருக்குப் பின்னாலதானே இருக்கு? வழியைத் திற."

"திறக்க இரு பக்கத்திலும் ஒருவராவது சம்மதிக்க வேண்டும்."

வாசுகி ஓடிப்போய்ச் சுவரை அறைந்தாள். வரிசையாக எல்லா வீடுகளிலும் திரைச்சீலைகள் அசைந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை.

"யாருங்க அது?" சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்.

"என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலிங்க. வழி திறக்கணும். நீங்க சம்மதிக்கணும்."

"எங்க தெருவுல வேற யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நான் சொல்றேன், திறக்கட்டும்."

சுவர் ஓசையில்லாமல் வாய் பிளந்தது. ஆஸ்பத்திரி வண்டி வந்து தணிகாசலத்தை அள்ளிக்கொண்டு போனது. பின்னால் ஓடிய வாசுகி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவன் பிழைத்தான். வீட்டுக்கும் வந்துவிட்டான். ஆனால் அந்தப் பிளவு வழியாக முன்பின் தெரியாதவர்கள் தெருவில் நடந்தார்கள். வாசுகி கதவைத் தாழிட்டே வைத்தாள். ஒருநாள் நெட்டையான ஒரு பெண் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு வீட்டையும் உற்றுப் பார்த்தபடி வந்தாள். வாசுகி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"அந்த வழியை அடைச்சிடு" என்றாள்.

"அடைக்க ஒருவர் சொன்னால் போதும்" என்றது நகர்மூளை. பிளவு மூடிக்கொண்டது.

கதவு தட்டப்பட்டது.

"நாந்தாங்க, அன்னிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசினவ. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

வாசுகியின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. வெளியே அந்தப் பெண் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏங்க, இங்க ஒரு வழி இருந்துச்சே?"

"திற" என்று முணுமுணுத்தாள் வாசுகி.

"அந்தப் பக்கம் ஒருவராவது சம்மதிக்க வேண்டும்" என்றது நகர்மூளை, அதே இதமான குரலில்.