இன்பராஜின் கைக்கோடாலி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஆம்பூரில் நயீம் அகமதுவின் தோல் தொழிற்சாலையில், காயப்போடும் ஷெட்டைத் திறந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சாயமேற்றி, கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த மாட்டுத் தோல்களில் சில, நடுவில் நீளமாக வெட்டுப்பட்டிருந்தன. கீழே ஒரு கைக்கோடாலி கிடந்தது.

அது யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. பாய்லருக்கு விறகு பிளக்கும் இன்பராஜுடையது. முந்தின நாள்தான் அவர், "பொண்ணு நிச்சயத்துக்குக்கூட லீவு இல்லன்னா இன்னா பொழப்பு பாய் இது!" என்று முதலாளியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியிருந்தார். நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வேலூர் ஜெயிலில் என்றால் எந்தச் சம்பந்தி வருவார்? இன்பராஜ் மகள் ஜாஸ்மினுக்குப் போன் போட்டு, "பந்தல்காரன இப்ப வர வேணாம்னு சொல்லிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகுக் குவியலருகே உட்கார்ந்துவிட்டார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டுமே.

சப் இன்ஸ்பெக்டர் பிரிசில்லா வந்தார். அவசரப்பட்டு யாரையும் ஜீப்பில் ஏற்றுகிற ஆள் இல்லை அவர்.

"கோடாலிய எங்க வெச்சிட்டுப் போனீங்க?"

"கட்டையில கொத்தி வெச்சிட்டுப் போனேன் மேடம். டெய்லி அங்கதான் இருக்கும்."

"யார் வேணா எடுக்கலாமா?"

"எடுக்கலாம். பேரு மட்டும் என்னுது."

"இதுல விசாரிக்க இன்னா மேடம் இருக்கு?" என்று குறுக்கே வந்தார் சம்பத். தோல்களை ஒன்றாம் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிப்பவர் அவர். "கோவம் ஜாஸ்தியாயிடுச்சு, வெட்டிட்டாரு. திங்கக்கெழம தோல் வாங்குற பையர் ஆளு செக் பண்ண வர்றாரு. எங்க பேஜார யாரு பாக்குறது?"

பிரிசில்லா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். வெட்டுப்பட்ட தோல்கள் முதல் வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று என்று தள்ளித் தள்ளி இருந்தன. இடையில் தொங்கிய தோல்களில் கீறல்கூட இல்லை. ஒரு வெட்டின் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். சாயம் சரியாகப் பிடிக்காத வெளிறிய திட்டு ஒன்று, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. இரண்டின் பின்பக்கத்திலும் ஒன்றாம் ரகம் என்ற சீல் இருந்தது.

கையுறை மாட்டிய கான்ஸ்டபிள் கிடந்த கோடாலியைப் பையில் போட்டுக் கட்டினார். பிரிசில்லா விறகுக் கொட்டகையிலிருந்து இன்னொரு கோடாலியை வரவழைத்தார்.

"இன்பராஜ், பாழாப்போன இந்தத் தோல இதால வெட்டுங்க."

"நானா மேடம்?"

"பலமா வெட்டுங்க."

இன்பராஜ் ஓங்கி ஒரு போடு போட்டார். தோல் அடிபட்டதும் பின்னால் போய், திரும்பி வந்து அவர் முகத்திலேயே அறைந்தது. அடிபட்ட இடத்தில் ஒரு கசங்கல், அவ்வளவுதான். பிறகு பிரிசில்லா ஒரு தொழிலாளியிடம் கத்தியை வாங்கி, தோலை இடது கையால் பிடித்துக்கொண்டு இழுத்தார். சர்ரென்று பிரிந்தது. காலையில் பார்த்த அதே சுத்தமான வெட்டு.

"கோடாலிக்குக் கனம்தான் பலம் பாய். அடியில தாங்க ஒரு கட்ட வேணும். அந்தரத்துல தொங்குறத அது வெட்டாது. கத்திக்குத் தாங்கல் வேணாம், கூர வெச்சு இழுத்தா போதும்" என்றார், பக்கத்தில் நின்ற நயீம் அகமதுவிடம்.

"தரையில போட்டு வெட்டியிருக்கலாமே!" என்றார் சம்பத்.

"சிமெண்டுத் தரையில ஒரு கொத்துகூட இல்லயே சம்பத். வெட்டினவன் கத்திக்காரன். கோவத்துல வந்தவன் கைக்கு எட்டினத வெட்டுவான். இவன் தேடித் தேடி வெட்டியிருக்கான், ஒவ்வொண்ணுலயும் தழும்பு மேலயே. முள் கீறின தழும்பு, உண்ணி கடிச்ச தடம். சாயம் ஏத்தினப்புறம்தான் அது பளிச்சுனு தெரியும். பாய், சாயத்துக்கு முன்னாடி இதையெல்லாம் ஒண்ணாம் ரகம்னு சீல் குத்தினது யாரு?"

நயீம் அகமது மெல்லத் திரும்பினார். சம்பத்தின் கை, தோலோரத்தை நறுக்கிப் பார்க்க எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் சின்னக் கத்தியின் மேல் போய் நின்றது.

"சரியா பாக்காம குத்திட்டேன் மேடம்," என்றார் சம்பத். "பையர் ஆளு பாத்தா என் பேரு போய்டும். வெட்டின தோல்ல தழும்பு இருக்கான்னு யாரும் பாக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நல்ல தோலயும் ரெண்டு வெட்டியிருந்தா எனக்கே சந்தேகம் வந்திருக்காதே?"

சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். "இத்தன வருஷத் தொழில் மேடம். நல்ல தோல்ல கத்தி வெக்க கை வரல."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நயீம் அகமது விறகுக் குவியலருகே போய் நின்றார். "இன்பராஜ், தப்பா நெனச்சிட்டேன். நாளைக்கும் ஞாயித்துக்கெழமையும் லீவு. நானும் நிச்சயத்துக்கு வர்றேன்."

இன்பராஜ் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மகளின் நம்பரை அழுத்தினார்.

"ஜாஸ்மினு, பந்தல்காரன வரச் சொல்லிடும்மா. இல்லம்மா, அழல. தோல் ஒண்ணு மூஞ்சியில அடிச்சிடுச்சு."