நாற்பது பேருக்கும் நாலே பாவம்

சமூக அறிவியல் பாடவேளை முடிந்து மறைக்கல்விக்கு மணி அடித்தபோது, கரும்பலகைக்கு மேலே தன்சொல்மானி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ரெஜினாள் டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. பேசுகிறவரின் மூளையலையைப் படித்து, சொல்வது சொந்தச் சரக்கா இரவலா என்று காட்டிக்கொடுக்கும் கருவி அது. சொந்தமென்றால் பச்சை, இரவல் என்றால் சிவப்பு. அது வந்ததிலிருந்து ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் ஒழிந்தது. ஊராட்சித் தலைவரின் கடமை என்ன என்று சற்றுமுன் கேட்டதற்கு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருவது என்றாள் டெல்பின். பளிச்சென்று பச்சை. டீச்சரும் முழு மதிப்பெண் போட்டுவிட்டார். என்ன செய்ய, பொய்யென்றும் சொல்ல முடியவில்லையே!

வம்பு மறைக்கல்வியில்தான் வந்தது. வரும் ஞாயிறு நாற்பது பிள்ளைகளுக்கும் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறார்கள். அதற்கு முந்தின நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். பங்குச்சாமியார் மிக்கேல்ராயன் கருவியின் புகழில் மயங்கி, பாவங்களைக் கேட்க அவர் உட்காரும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மேலேயும் ஒன்றை மாட்டிவிட்டார். அது அலையைத்தான் படிக்கும், வார்த்தையைக் கேட்காது, அதனால் இரகசியத்துக்குப் பங்கமில்லை என்று வாதாடினார். பச்சை எரியாத பிள்ளைக்கு நன்மை கிடையாது என்றும் அறிவித்தார். வெள்ளை கவுன் தைத்து, பிரியாணிக்கு ஆடு சொல்லிவைத்திருந்த நாற்பது வீடுகளும் டீச்சரைத்தான் பார்த்தன. ஒரு பிள்ளை தவறினாலும் அவர் தெருவில் தலைகாட்ட முடியாது.

திங்கட்கிழமை ஒத்திகை. லியோன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான்: பொய் சொன்னேன், அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, தம்பியை அடித்தேன், கோயிலில் பேசினேன். சிவப்பு. லியோனுக்குத் தம்பியே கிடையாது. அடுத்தவளுக்கும் அதே நாலு பாவம், அதே வரிசை. நாற்பது பேரும் சிவப்பு. அந்தப் பட்டியலைப் பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொன்னது டீச்சரேதான்.

அவரவர் பாவத்தை அவரவர் சொல்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"நாங்க ஒண்ணும் பெருசாப் பண்ணலையே டீச்சர்" என்றாள் டெல்பின்.

"அதெல்லாம் தெரியாது. சனிக்கிழமைக்குள்ள ஆளுக்கு ஒண்ணு வேணும்."

எரிச்சலில் வாய் தவறி வந்த பேச்சு. பிள்ளைகள் அதை வீட்டுப்பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வாயன்று தலைமையாசிரியை சிஸ்டர் பெர்னதெத்தின் மிதவண்டி, தரைக்கு மேலே மிதக்க வேண்டியது, கிணற்றுக்குள் மிதந்தது. புதனன்று தீர்த்தத் தொட்டியில் சர்பத். அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டவர்களின் நெற்றியில் எறும்பு ஏறியது. ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்யக் கூடாது என்று தங்களுக்குள் கறார் வேறு. வெள்ளிக்கிழமை மணிக்கூண்டில் ஓர் ஆடு நின்று கத்தியது. விருந்துக்கு வாங்கிய ஆட்டை ஒளித்துவைத்தது பாவமா புண்ணியமா என்று பிள்ளைகளுக்குள்ளேயே தகராறு.

டீச்சர் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டார். தண்டித்தால் காரணம் வெளியே வரும். காரணம் அவர்தானே!

சனிக்கிழமை நாற்பதும் பச்சை. பெற்றோர் கைதட்டினார்கள். மிதவண்டியைத் தள்ளியது யாரென்று சிஸ்டர் எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். தெரிந்த ஒரே பெரியவர் சாமியார். அவரோ பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே மூச்சுவிட முடியாது. பாவம், முகட்டைப் பார்த்தபடி நின்றார்.

எல்லாரும் போனபிறகு டீச்சர் தொட்டியில் முழந்தாளிட்டார். பொறுமை இழந்தேன், புறணி பேசினேன் என்று வழக்கம்போல ஆரம்பித்தார். சிவப்பு.

"பிள்ளைகளைப் பாவம் பண்ணச் சொல்லி அனுப்பினதே நான்தான் சாமி. ஒருத்தருக்கும் நன்மை தவறக் கூடாதுன்னு ஆசை. எம்பேரு கெட்டுறக் கூடாதுன்னு அதைவிடப் பெரிய ஆசை."

பச்சை. டீச்சர் விம்மி விம்மி அழுதார். பதினெட்டு வருஷத்தில் இப்படி அழுததில்லை.

சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டவர் இரக்கமுள்ளவர், மனம் தளர வேண்டாம், மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்கள் என்றார். சிவப்பு. கருவியில் கோளாறு என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார். சிவப்பு. வேதாகமத்திலிருந்து இரண்டு வசனம் சேர்த்துப் பார்த்தார். அப்போதும் சிவப்பு.



"உங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல டீச்சர்" என்றார் கடைசியில்.

பச்சை எரிந்தது.