மருமகள் சொல்லாத பெயர்

'டிங்!' என்று மூன்று புதிய கணினிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன. அப்டேட் முடிந்துவிட்டது. கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தை மீரிம் மேசையில் வைப்பதற்குள், நான்காவதாக ஒரு ஒலி, ஈரத்துணியை உதறியது போல மந்தமாக, பின்னறையிலிருந்து வந்தது.

பின்னறையில் இருப்பது பழைய கணினி. அதற்கு ஒலிபெருக்கியே கிடையாது.

நாரின் மலைப்பக்கத்து அந்தக் கால்நடை மருத்துவமனையில் பழையது இல்லாமல் பாதி வேலை நடக்காது. மாட்டின் காதில் மாட்டும் வில்லைகளில் எண் பொறிக்கிற இயந்திரம் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கும். புதிய கணினிகளிலிருந்து எண்களை அனுப்பினால், பழையது வாங்கிப் பொறிக்க வைக்கும். மீரிம் திரையில் தேடினாள். புதியவை மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பழையதை மட்டும் காணவில்லை.

"என்னம்மா, கிழவன் தொலைஞ்சுட்டானா?" தலைமை மருத்துவர் ஷார்ஷென் கோட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "காலையில சந்தைக்குப் போற மாட்டுக்கெல்லாம் வில்லை வேணும். உன்னால முடியலேன்னா இப்பவே சொல்லிடு. டவுன்ல இருந்து ஒரு பையனை வரச் சொல்றேன். உன் நாற்காலியையும் அவனுக்கே குடுத்துடறேன்."

"முடிச்சிடறேன் அண்ணே."

அந்த நாற்காலியை விட்டால் வேறு வழியில்லை. கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் மாமியாரும், இப்போதுதான் நடை பழகும் பெண் குழந்தையும்.

"அண்ணி, புதுசுங்க எல்லாம் பழசை மதிக்கிறதில்ல," என்றான் இளம் மருத்துவன் ரஹாத், பெட்டியைத் தூக்கியபடி. "பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வரும். எங்க, கூப்பிடுங்க பாப்போம். குலுன்பெ..."

"வாயை மூடுடா!" என்று மீரிம் அவசரமாகத் தடுத்தாள்.

"நேத்து ரிப்போர்ட்ல 'நெட்டைக்கால் ஒண்ணு பொறந்திருக்கு'ன்னு எழுதியிருக்கீங்க. மேலதிகாரி போன் போட்டு, 'ஒட்டகமா?'ன்னு கேக்குறாரு!"

ஷார்ஷென்கூடச் சிரித்துவிட்டார். மீரிமின் காதுமடல்கள் சுட்டன.

குலுன்பெக் அவளுடைய மாமனார். இந்த மருத்துவமனையில் காலமெல்லாம் வைத்தியம் பார்த்தவர். அந்தக் கணினி வந்த அன்று அதற்குத் தன் பெயரையே வைத்தார். அதை மாற்றுவதற்கான கடவுச்சொல், போன இலையுதிர்காலத்தில் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. கணவனின் தகப்பன் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயரின் சாயல் உள்ள சொல்லும் ஆகாது. அவர்கள் மொழியில் குலுன் என்றால் குதிரைக்குட்டி. ஆகவே மீரிமுக்குக் குதிரைக்குட்டி எல்லாம் நெட்டைக்கால். மாமனார் இருந்தபோதும், போன பிறகும், பெரியவர்.

மலைக்கு மேலுள்ள ஊரில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று தகவல் வர, மருத்துவர்கள் இருவரும் ஜீப்பில் கிளம்பினார்கள். பெயரை நீயே அடித்துவிட்டுப் போ என்று ரஹாத்திடம் கேட்டிருக்கலாம். சிரிப்பான் என்ற கூச்சத்தில் மீரிம் கேட்கவில்லை.

ஜீப்பின் சத்தம் பனியில் அமுங்கிப் போனது. நிலக்கரி அடுப்பு மெல்ல முணுமுணுக்க, ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாகி, பின் சாம்பலாகி, கடைசியில் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் மிஞ்சியது. பழைய கணினிகளின் பேச்சை அப்டேட் தடுத்து வைத்திருந்தது. அந்தத் தடையை எடுத்துவிட்டாள். இணைப்புக் கம்பிகளைப் பிடுங்கிச் செருகினாள். பெயரைத் தவிர்க்க, எண் முகவரியைக் கொடுத்துப் பார்த்தாள். வில்லை பொறிக்கும் நிரல் அதை ஏற்கவில்லை. திரையின் நடுவில் ஒரு கட்டம் வெறுமையாகத் திறந்து கிடந்தது.

கணினியின் பெயர்?

விரல் என்ன வாயா? அடிப்பது சொல்வதாகுமா? தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் உதடுகளும் கூடவே அசைந்தன.

இல்லை, என்றது திரை.

மறுபடி அடித்தாள். இல்லை. மறுபடி. நாற்காலி, ஷார்ஷெனின் குரல், ரஹாத்தின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து நெருக்க, வேலியைத் தாண்டி ஓடும் கன்றை அதட்டுவது போலக் கத்திவிட்டாள்.

"குலுன்பெக்!"

சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். முகமெல்லாம் நெருப்பாகத் தகித்தது. யாரும் கேட்கவில்லை. யாருமே இல்லையே.

திரையில் பச்சை எழுத்து மலர்ந்தது. இணைந்தது.

பின்னறையில் பழைய கணினியின் காற்றாடி சுழலத் தொடங்கியது. அதன் இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். மருமகள் இருக்கும் அறைக்குள் நுழையுமுன், அவள் தலைத்துணியைச் சரிசெய்து கொள்ளட்டும் என்று பெரியவர் செருமுவாரே, அதே செருமல். கார்பாலிக் கிருமிநாசினியும் நனைந்த கம்பளமும் மூக்குப்பொடியும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்து அடுப்பின் கரிப்புகையைத் தள்ளிவிட்டு அறை முழுவதும் நின்றது.

மீரிம் எழுந்துவிட்டாள். கை தானாகத் தலைத்துணியை இழுத்துவிட்டது. இடுப்பு தானாக வளைந்தது. மூடிய கதவுக்கு வணக்கம் செய்துகொண்டு நின்றாள்.

பயத்தைவிட வெட்கமே பெரிதாக இருந்தது. பெயர் சொல்லி அழைத்தவள் இப்போது குனிந்து நிற்கிறாள்.

"மன்னிச்சிடுங்க பெரியவரே," என்றாள் தரையைப் பார்த்து. "வேலைக்காகத்தான். வேணும்னு சொல்லல."

இரண்டாவது கணினியின் திரை விழித்துக்கொண்டது. அந்தப் பெயரைக் காட்டி, உள்ளே வர அனுமதியா என்று கேட்டது. அவள் தொடவில்லை. ஆம் என்ற பொத்தான் அமுங்கியது.

மூன்றாவது.

ஆம்.

பிறகு அவளுடைய கைபேசி, மேசைமேல் ஒளிர்ந்தது.

ஆம்.

காற்றாடி நின்றது. மூன்று திரைகளிலும் அந்தப் பெயர் இல்லை. வாடையும் இல்லை. அடுப்புகூட முணுமுணுக்கவில்லை. கணுக்காலில் மட்டும் குளிர் பட்டது. பின்னறைக் கதவின் அடியிலிருந்து வந்தது.

திறந்தாள்.

பழைய கணினி இருட்டாக இருந்தது. அதற்கு அப்பால், கோடையிலேயே ஆணி அடித்து மூடிய பின்வாசல், ஆவென்று திறந்து கிடந்தது. நிலைப்படியில் பனி. பனியில் ரப்பர் காலணித் தடங்கள். வந்த தடம் ஒன்றும் இல்லை. போன தடங்கள்தான். முற்றத்தைத் தாண்டி. பாப்லர் மரங்களைத் தாண்டி. தெருக்கோடியில் விளக்கு எரியும் ஒரே வீட்டை நோக்கி.

அவள் வீடு.

கைபேசி அலறியது. மாமியார்.

"அம்மா? குழந்தை எங்கே? கதவைச் சாத்துங்க! யாரு வந்தாலும் திறக்காதீங்க!"

மறுமுனையில் காற்று இரைந்தது. பிறகு மாமியாரின் குரல் வந்தது. அதில் பயம் இல்லை. ஊர் பார்க்கத் தலைகுனிந்து நிற்பவளின் குரலாக அது கூசிப்போயிருந்தது.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளிய பனியில நிக்கிறாரும்மா. உள்ள வாங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன், 'பேர் சொல்லிக் கூப்பிட்டவளே வந்து, இன்னொரு தரம் கூப்பிடட்டும்'ங்கிறாரு."